நிரையை நடத்துவது யார்?

தலைமைத்துவப் பயிற்சி என்றால் நம் தேயிலைத் துறையில் அழைப்பு யாருக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன துரைமார், வெளிக்கள உத்தியோகத்தர், நலன்புரி உத்தியோகத்தர், மிஞ்சிப்போனால் தோட்டத் தலைவர்மார். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு ஹோட்டல் மண்டபம், பகல் சாப்பாடு, சான்றிதழ். அதே வேளையில் கொழுந்து மலையில் முப்பது நாற்பது பெண்களின் வேலை தடையில்லாமல் நடந்துகொண்டிருக்கும். அதை நடத்துபவரை அந்த மண்டபத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

அவருக்குச் செக்ரோலில் மற்றவர்களைப் போல ஓர் இலக்கம்தான். கங்காணி நிரை பிரித்துக் கொடுத்துவிட்டு மேட்டில் நிற்பார். யாருக்கு மூட்டுவலி, யாரைச் சரிவு குறைந்த நிரையில் விடுவது, பால்குடிப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு வந்தவள் எப்போது போய் வருவது என்பதெல்லாம் அதற்குள் பெண்களுக்கிடையே முடிவாகியிருக்கும். முடிவு செய்தது யார் என்று கேட்டால் “அக்காதான் சொன்னாங்க” என்பார்கள்.

குளவியை எடுத்துக்கொள்வோம். குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளர் ஆஸ்பத்திரியில் அனுமதி என்பது மலையகச் செய்திகளில் ஓயாமல் வருவது. சவுக்கு மரத்துக் கூட்டை முதலில் காண்பது பெரும்பாலும் நிரையில் முன்னே போகும் மூத்த கொழுந்துக்காரி. “அந்தப் பக்கம் இறங்காதீங்க புள்ள” என்று அவர் சொன்னால் மொத்தக் கூட்டமும் நின்றுவிடும். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. நின்ற நேரத்துக்குக் கிலோவும் ஏறாது. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அந்த அளவை எட்டாவிட்டால் அரைப் பேர்தான். ஆக, ஒவ்வொரு தடவையும் தன் நாட்சம்பளத்தோடு மற்றவர்களின் நாட்சம்பளத்தையும் வைத்துத்தான் அவர் வாயைத் திறக்கிறார். “ஒன்னும் செய்யாது, ஓரமாப் போங்க” என்று மேட்டிலிருந்து கங்காணி சொல்லும்போது கூட்டம் யார் முகத்தைப் பார்க்கிறது என்பதைக் கவனித்த உத்தியோகத்தருக்கு இந்தக் கட்டுரையில் புதிதாக எதுவும் இல்லை.

தோட்டத்தில் பதவிக்கும் செல்வாக்குக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே கோணலானது. பெரிய கங்காணி தன் ஊரிலிருந்து, தன் சொந்தபந்தத்திலிருந்து ஆள் கட்டி வந்தார். அந்தச் சொந்தத்தின் மேல் கடன் ஏறியது, துண்டு ஏறியது. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாறவிடாத அந்தத் துண்டு முறையை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தாலும் கங்காணி என்ற பேருக்கு வந்த பயம் சட்டத்தோடு போகவில்லை. மறுபக்கம், மீனாட்சியம்மாளைப் பாருங்கள். கணவர் கோ. நடேசய்யர் 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டனின் உறுப்பினர். அம்மையாருக்கு அப்படியொரு ஆசனம் இல்லை. தோட்ட மக்களின் துன்பங்களைத் தெரிந்த மெட்டுகளில் பாட்டாக எழுதினார், கூட்டங்களில் தாமே பாடினார், 1940 இல் அவற்றை அச்சிலும் கொண்டுவந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர் குரல்தான் பத்திரிகை.

பதவியில்லாத இந்தச் செல்வாக்கை அண்மைக் காலத்திலும் கண்டிருக்கிறோம். 2018 ஒக்டோபர் 24 அன்று காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் திரண்ட மலையக இளைஞர்களை எந்தச் சங்கமும் பஸ் பிடித்துக் கூட்டி வரவில்லை. தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் 500 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்க, கொழும்பில் வேலை செய்த பிள்ளைகள் சமூக ஊடகத்தில் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாயில் நின்றது. அவர்கள் கேட்ட ஆயிரம் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது.

கேரளத்தின் மூணாறு இன்னும் கூர்மையான பாடம். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது கண்ணன் தேவன் தோட்டத் தமிழ்ப் பெண்கள் வீதியில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டவே அண்டவிடவில்லை. ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாக அந்த 20 சதவீதம் திரும்பி வந்தது. பிறகு ‘பெம்பிளை ஒருமை’ முறையான அமைப்பானது, உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றது, தலைமைக்குள் பிளவும் வந்தது. பதவி ஆசை கெடுத்தது என்று இதைச் சுருக்கிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நிரையில் பிறந்த செல்வாக்கை, வேறு யாரோ விதி எழுதிவைத்த மேடையில் ஏற்றினால் அது தடுமாறத்தான் செய்யும்.

நாமும் தோட்ட அளவில் இதைத்தான் செய்கிறோம். அப்படி ஒரு அக்காவைக் கண்டுபிடித்தவுடன் நலன்புரிக் குழுவில் பெயரைச் சேர்க்கிறோம். பிறகு, “நீங்க சொன்னாக் கேப்பாங்க, இன்னும் ரெண்டு கிலோ கூடுதலா எடுக்கச் சொல்லுங்க” என்கிறோம். ஒரு பிரட்டு போதும், அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விடும். கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருக்க, மேற்பார்வை பெரும்பாலும் ஆண்களிடமே இருப்பது தனிக் குறை. அதைத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவரைக் கங்காணி ஆக்கிவிட்டதால் இந்தக் கணக்கு முடிந்துவிடாது. மறுநாளே நிரையில் இன்னொரு அக்கா இருப்பார்.

அவர் ஏற்கெனவே எடுத்துவரும் முடிவுகளுக்குச் செலவை அவர் தலையில் கட்டாமல் இருப்பதே உருப்படியான வேலை. குளவிக்காக நிரை நின்றால் நின்ற நேரம் வேலை நேரம். வெறுங்கூட்டுக்காக நின்றார்களா, குளவி இருந்த கூட்டுக்காக நின்றார்களா என்ற விசாரணை வேண்டாம். நிறுவையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும்போது தராசைப் பார்த்து ஏன் இவ்வளவு என்று அவர் கேட்டால், அதை ஒழுங்கீனமாகக் குறிக்காமல் பதில் சொல்லலாம்.

இன்னொன்று உண்டு. மலைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு இரண்டு இலையும் மொட்டும் பார்த்து எடுக்க, முற்றிய இலையைக் கூடையில் சேர்க்காமல் இருக்க, மட்டக்கம்பு வைத்து மட்டம் பார்க்கப் பழக்குவது இவர்தான். பழக்கும் நாட்களில் அவருடைய கூடை குறைகிறது, சம்பளம் வெட்டுப்படுகிறது. தரமில்லாத கொழுந்து வருகிறது என்று தொழிற்சாலையிலிருந்து முறைப்பாடு வராத மாதம் இல்லை. ஆனாலும் தரத்தைக் கற்றுக்கொடுப்பவருக்கே அரைப் பேர் போடுகிறோம். அந்த நாட்களுக்கு முழுப் பேர் போட அடுத்த மாதச் செக்ரோலிலேயே தொடங்கலாம். செய்து பார்க்கும் தோட்டங்கள் கொழுந்துக் கணக்கோடு எழுதி அனுப்பினால் வரும் இதழில் வெளியிடுகிறோம்.