சீக்குக் கோழியா, குளிர்ந்த குஞ்சா?

பிற்பகல் வகுப்பில் கண்ணயரும் மாணவனைப் பார்த்து, "என்னடா, சீக்குக் கோழி மாதிரித் தூங்கி விழுகிறாய்?" என்று ஆசிரியர் கேட்பதுண்டு. நீங்களும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு ஆளாகியிருப்பீர்கள். அவன் முதல் நாள் இரவு கூத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். உண்மையிலேயே காய்ச்சலாகவும் இருக்கலாம். தோற்றம் ஒன்றுதான், காரணங்கள் வேறு வேறு. சிறகைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நிற்கும் கோழிக்குஞ்சின் நிலையும் இதுவே. தன்னால் முடியவில்லை என்பதை மட்டும்தான் அது நமக்குக் காட்டுகிறது. ஏன் முடியவில்லை என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும். கண்டறியாமலே "சீக்கு வந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறி மருந்துக் கடைக்கு ஓடுகிறோமே, அந்த அவசரத்தினால் தஞ்சைத் தரணியின் கொல்லைகளில் காப்பாற்றக்கூடிய குஞ்சுகளும் இறந்துபோகின்றன என்பது என் கருத்து.

திருவிழாக் கூட்டத்திலும் பள்ளி வாசலிலும் சைக்கிளில் கூடை வைத்து விற்கிறார்களே, பச்சையும் சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றிய குஞ்சுகள், அவற்றை நீங்கள் வாங்கியிருக்கக்கூடும். அவை பெரும்பாலும் முட்டைக் கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையிடப் போவதில்லை என்பதால் பொரிப்பகங்களுக்கு அவை வேண்டாதவை. அதனால்தான் அவ்வளவு மலிவு. வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது தூங்கி விழும், பிறகு விறைத்துவிடும். சாயத்தின் விஷம் என்பார் ஒருவர், சீக்கு என்பார் மற்றொருவர். பல சமயங்களில் உண்மை அதைவிட எளியது. அதற்குத் தாய் இல்லை, குளிரில் செத்துப்போயிற்று.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செண்டிகிரேடு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் வெப்பம் இதைவிட ஓரிரு டிகிரி குறைவு. அந்த வெப்பத்தையும் தானாகக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இல்லை. முதல் வாரத்தில் அதைச் சுற்றியுள்ள காற்றே 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். மார்கழி விடியற்காலையில் தஞ்சாவூரில் வெப்பநிலை 20 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையும் ஈரம், காற்றும் ஈரம். அட்டைப் பெட்டியில் தனியே விடப்பட்ட குஞ்சு அந்த இரவை எப்படித் தாண்டும்?

குஞ்சுக்குக் குளிர்கிறதா என்று தெரிந்துகொள்ள வெப்பமானிகூட வேண்டாம். கூட்டின் நடுவே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் தள்ளி நின்று பாருங்கள். குஞ்சுகள் பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர். பல்பைவிட்டு ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. அங்குமிங்கும் பரவி மேய்ந்துகொண்டும் உறங்கிக்கொண்டும் இருந்தால் சரியான வெப்பம். இன்றைய காலத்துக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதிய சூடு தராது. அதைக் கூட்டில் மாட்டிவிட்டு, விளக்கு எரிந்தும் குஞ்சு செத்துவிட்டதே என்று வியப்பவர்கள் உண்டு. பழைய இழை பல்புதான் இதற்கு ஏற்றது. இதையெல்லாம்விடச் சிறந்தது அடைக்கோழியின் சிறகு. அதற்கு மின்வெட்டும் கிடையாது.

இன்னொரு வகைக் குஞ்சைப் பார்ப்போம். கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொடுத்துக் கொல்லையில் வளர்க்கச் செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு நடத்தி வந்திருக்கிறது. முட்டைக் காசு பெண்கள் கையில் தங்கும், நல்ல திட்டம். ஆனால் அந்தக் குஞ்சு பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். பண்ணையிலிருந்து கூண்டில் ஏறி, வண்டியில் குலுங்கி, வெயிலில் காத்திருந்து, பிறகு பையிலோ கூடையிலோ வீடு வந்து சேர்கிறது. வந்த இடத்தில் தீவனம் வேறு, தண்ணீர் வேறு. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். அது தாய்க்கோழிக்குத்தான் பொருந்தும். அயல் வீட்டுக் குஞ்சைப் பெரிய கோழிகள் கொத்தித் துரத்தும்.

இப்படி அதிர்ச்சிக்கு உள்ளான குஞ்சின் உடலில் கார்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. சற்று நேரத்துக்கு அது நன்மையே செய்யும். ஓடித் தப்பிக்க உதவும். நாள் கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்பு உறுப்புகளையே சுருக்கிவிடும். அவற்றுள் ஒன்று, குஞ்சின் கழிவுத் துவாரத்துக்கு மேலே அமைந்த ஒரு சிறு பை. ஃபாப்ரீசியஸ் என்ற இத்தாலிய உடற்கூற்று அறிஞர் எழுதிய விவரம் அவர் இறந்த பிறகு, 1621இல் வெளியாயிற்று. அந்தப் பை எதற்கு என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் விளங்கவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டுவதற்காக டிமதி சாங் என்பவர், தம் நண்பர் புரூஸ் கிளிக்கிடம் கோழிகளைக் கேட்டு வாங்கிக் கிருமியை ஊசி மூலம் செலுத்தினார். எதிர்ப்பொருள் உண்டாக வேண்டும். பல கோழிகளில் உண்டாகவில்லை. விசாரித்தபோது, அவை இளமையிலேயே அந்தப் பை அகற்றப்பட்ட கோழிகள் என்று தெரிந்தது! 1956இல் இருவரும் இதை வெளியிட்டனர். உங்கள் உயிரியல் பாடத்தில் 'பி' செல் என்று வருகிறதே, அந்த 'பி' பர்சா எனப்படும் இந்தப் பையின் முதலெழுத்து. ஆகவே புதிதாக வந்த குஞ்சுகளை முதலில் தனி இடத்தில் விட்டு, சிறிது வெல்லம் கரைத்த தண்ணீர் கொடுத்து, அதன் பிறகு தீவனம் வைத்து, ஓரிரு வாரம் கழித்து மற்றக் கோழிகளுடன் சேர்ப்பது செல்லம் கொடுப்பதாகாது.

கழுத்து திருகிக்கொண்ட கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்த மாத்திரத்தில் பாட்டி சொல்லிவிடுவார், வெள்ளைக் கழிச்சல் என்று. பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் தோன்றி, 1927இல் இமயமலைச் சாரலின் இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இராணிக்கேத் நோய் என்று பெயர் பெற்றது இது. காரணம் ஒரு வைரஸ். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், கால் சிறகு செயலிழத்தல், கழுத்துத் திருகல் எல்லாம் வரும். கூட்டம் கூட்டமாகச் சாகும்.

ஆனால் கிருமியே இல்லாமலும் கோழியின் கழுத்து பின்னுக்கு வளையும், கால் தளரும். இது தெரியவந்த கதை நெல் நாட்டுக்காரர்களான நாம் அவசியம் அறிய வேண்டியது. இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. கிருமி செலுத்திய கோழியும் விழுந்தது, செலுத்தாத கோழியும் விழுந்தது. பிறகு ஒருநாள் எல்லாம் தாமாகவே குணமாயின! தீவனத்தை விசாரித்தார். சில மாதங்களாக இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தாரின் அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நின்றன. தவிட்டில் உள்ள அந்தப் பொருள்தான் பின்னர் வைட்டமின் பி1 என்று அறியப்பட்டது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கொல்லையில் பூச்சியும் கீரையும் பொறுக்கித் தின்னும் கோழிக்கு இந்தக் குறை வருவது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் ஓரளவு ஏறிவிடுவதால் புழுங்கல் நொய்யும் தாழ்வில்லை. நாய்க்கும் கீரிக்கும் பயந்து நாள் முழுதும் பஞ்சாரத்தில் அடைத்து, தீட்டிய பச்சரிசி நொய்யை மட்டுமே போட்டு வளர்க்கும் குஞ்சுக்குத்தான் ஆபத்து. அதற்கு வேண்டிய மருந்து புதுத் தவிடு. அது அரவை ஆலையிலேயே கிடைக்கும்.

எனவே தூங்கும் குஞ்சைக் கண்டால் நோட்டை எடுங்கள். எத்தனை நாள் குஞ்சு, எப்போது வந்தது, என்ன தின்கிறது, எத்தனை குஞ்சுகள் வாடின, எச்சம் என்ன நிறம் என்று எழுதுங்கள். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் உயிரியின் வேலையாக இருக்கக்கூடும். எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டைக் கூடுகள் ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் இரண்டு நாளில் தொற்றும் தன்மை பெறுகின்றன. கூட்டில் பரப்பிய உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கட்டியாக நின்றால் உடனே மாற்ற வேண்டும். நம் ஊரில் உமிக்கா பஞ்சம்? பூசணம் பிடித்த உமியையும் வைக்கோலையும் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தப் பூசணம் குஞ்சின் நுரையீரலைத் தாக்கும்.

நோட்டில் எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாடிய குஞ்சைத் தனியே எடுத்து, சாக்குப் போர்த்திய பஞ்சாரத்தில் சூடான மூலையில் வைத்து, தண்ணீர் எட்டும்படி வையுங்கள். நல்ல குஞ்சுகளைக் கவனித்த பிறகே அதனிடம் செல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிர்தான் காரணம் என்றால் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் தெளிந்துவிடும். நோய் என்றாலும் இதனால் கெடுதல் இல்லை.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம். மனிதர்களுக்கான எதிர் உயிரி மாத்திரைக் குப்பியைப் பிரித்துக் குஞ்சின் வாயில் தூவுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. குளிருக்கு அது மருந்தன்று. வைட்டமின் குறைக்கு அன்று. வைரஸை அது ஒன்றும் செய்யாது. இரத்தக் கழிச்சலுக்கு உரிய மருந்து வேறு. பாக்டீரியா நோயாகவே இருந்தாலும் அளவு தெரியாமல் தூவிய மருந்தில் எளிய கிருமிகள் மடிய, வலியவை தங்கிப் பெருகும். மருந்துக்கு அசையாத அந்தக் கிருமி கொல்லையோடு நிற்பதில்லை. நம் வீட்டுக் குழந்தையின் காய்ச்சலிலும் வந்து நிற்கும். கடைசி ஆயுதமாகக் காத்து வைத்திருந்த கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குத் தரக்கூடாது என்று 2019இல் இந்திய அரசு தடை விதிக்க நேர்ந்தது இதனால்தான். தனி ஒரு குஞ்சுக்கு அரை மாத்திரை, அதனால் என்ன என்று கேட்காதீர்கள்.

குஞ்சுகள் இறந்துகொண்டே இருந்தால் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். செத்த கோழியை வாய்க்காலில் எறியும் கெட்ட பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காவிரித் தண்ணீர் ஊருக்கு ஊர் பாய்வதுபோல் சீக்கும் அடுத்த ஊருக்குப் பாய வேண்டுமா? மருத்துவரோ ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடத்திலுள்ளவர்களோ அதை அறுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். முன் இரைப்பையில் இரத்தப் புள்ளிகள் இருந்தால் வெள்ளைக் கழிச்சலை ஐயுறுவார்கள். குடல்வாலில் இரத்தம் தேங்கியிருந்தால் காக்சிடியாவை. ஆர்வத்தில் நீங்களே பிளேடால் அறுத்துப் பார்க்க வேண்டாம். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் வந்ததுபோல் பறவைக் காய்ச்சலாக இருந்துவிட்டால் அது மனிதரையும் தொற்றக்கூடும். வெறும் கையால் தொடாமல், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். பத்துக் கோழியில் மூன்று செத்தவுடன் மீதி ஏழையும் பாதி விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவது நடக்கிறது. நோய்க்குறி தெரிவதற்கு முன்பே கோழியின் உடலில் வைரஸ் இருக்கும் என்பதால், 'நல்ல' கோழிகள் ஏழும் சந்தைக்கு நோயைக் கொண்டுபோகின்றன. தவறுதான். ஆனால் அந்த அம்மாளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவருடைய சேமிப்பே அந்தப் பத்துக் கோழிகள்தாம். தடுப்பு மருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. ஆனால் ஒரு குப்பியில் வழக்கமாக நூறு கோழிக்காவது மருந்து இருக்கும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழிக்காகக் குப்பியை உடைப்பது எப்படி? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது இந்தத் தொல்லையை எண்ணித்தான். கால்நடைத் துறையும் பெரும்பாலும் பிப்ரவரியில், கோடைக்கு முன், இலவச முகாம் நடத்துகிறது.

இங்கேதான் உங்களால் ஆகக்கூடிய காரியம் இருக்கிறது. உங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு, குஞ்சுக்கு என்ன வயது என்று அதே நோட்டில் கணக்கெடுங்கள். கூட்டினால் நூறைத் தாண்டும். அந்தத் தாளோடு கால்நடை மருந்தகத்துக்குப் போய், ஒரே நாளில் தெரு முழுவதற்கும் போட வரச் சொல்லிக் கேளுங்கள். கணக்கை விடியுமுன் எடுங்கள். பஞ்சாரத்தைத் திறந்துவிட்ட பிறகு எண்ணினால் ஒரு வீட்டுக் கோழி நான்கு வீட்டுக் கணக்கில் வந்துவிடும்.