பன்முக இசையின் ஒழுங்கு

ஒரே இரவில் பல்வேறு இசை வகைகளை ஒலிக்கச் செய்வது டிஜேயின், அதாவது இசைத்தட்டுகளை இடைவெளியின்றி இணைத்து ஆடுவோரை வழிநடத்தும் கலைஞரின், கட்டுப்பாடின்மையே என்னும் கருத்து பிழையானது என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ‘ஆப்டிமோ’ இரவுகள் தெளிவாக உணர்த்துகின்றன. ஜேடி ட்விட்ச் எனப்பட்ட கீத் மெக்கைவரும் ஜானி வில்க்ஸும் 1997-இல் சப் கிளப் என்னும் நிலவறை நடன அரங்கில் தொடங்கி, 2010 வரை ஞாயிறுதோறும் நடத்திய இந்நிகழ்வு, மாறாத இயந்திரத் தாளத்தைக் கொண்ட டெக்னோ மட்டுமே கோலோச்சிய சூழலுக்கு ஒரு மறுமொழியாக எழுந்தது. பங்க் ராக்கின் சீற்றத்தை நடனத் தாளத்தோடு பிணைத்த போஸ்ட் பங்க், ரெக்கே பாடல்களின் குரலைக் குறைத்து எதிரொலியையும் தாழ்சுரத்தையும் முன்னிறுத்தும் ஜமைக்காவின் டப், டிஸ்கோ ஆகியவற்றை டெக்னோவுடன் அவர்கள் இணைத்தபோது, வகைப்பெயர்கள் மறைத்துவைத்திருந்த உறவுகள் செவிக்குப் புலப்பட்டன. இவ்விணைப்புக்கு ஆழ்ந்த இசையறிவு மட்டும் போதாது; முன்பின் அறியாத பாடலுக்கும் ஆடத் துணியும் கூட்டமும் வேண்டும்; அத்தகைய நம்பிக்கை ஒரே இடத்தில், ஒரே நாளில், வாரந்தோறும் கூடுவதாலேயே வளர்கிறது. மெக்கைவர் 2025-இல் மறைந்துவிட்ட நிலையில், பெருவிழா மேடைகளில் ஓரிரு மணிநேரம் தோன்றி மறையும் நட்சத்திர டிஜேக்களைக் கொண்டாடுவதைக் காட்டிலும், வாரந்தோறும் செவிகளைப் பண்படுத்தும் இத்தகைய சிற்றரங்குகளைப் பொதுப் பண்பாட்டு நிறுவனங்களாக மதித்துக் காப்பதே நகரங்களின் கடமையாகும்.