கோள்களைக் கேட்கப் போவோம்

1918 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டன் குவீன்ஸ் ஹாலில் இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை முதன்முதலாக ஒலித்தது. ஏட்ரியன் போல்ட் நடத்தினார். அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. ‘வியாழன்’ பகுதி வந்தபோது, வெளியே தாழ்வாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஆடினார்களாம். ஹோல்ஸ்டின் மகள் இமோஜன் எழுதிவைத்த செய்தி இது. ஆர்க்கெஸ்ட்ராவா, அது கோட்டு சூட்டுக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கும் நம்மவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஹோல்ஸ்ட் அப்போது பெண்கள் பள்ளியொன்றில் இசை வாத்தியார். சமஸ்கிருதம் படித்து, ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தவர். சாவித்திரி கதையை ஆபராவாக்கியவர். ‘கோள்கள்’ வானியல் அல்ல, சோதிடம். செவ்வாய் போரைக் கொண்டுவருகிறான், சனி முதுமையைக் கொண்டுவருகிறான். நவக்கிரகத்தைச் சுற்றி வந்து பழகிய நமக்கு இதில் அந்நியம் என்ன இருக்கிறது?

இதை ஒலித்தட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அரங்கில் உட்கார்ந்து கேட்டபோதுதான் ‘செவ்வாய்’ எப்படித் தொடங்குகிறது என்பதே தெரிந்தது. வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி, அதன் மரக்கட்டையால் தந்தியைத் தட்டுகிறார்கள். அத்தனை வில்லும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. கணக்கு ஐந்து, தவில்காரருக்குக் கண்ட சாபு என்றால் போதும். பித்தளை வாத்தியங்கள் சேர்ந்ததும், திருவிழாவில் உறுமி மேளம் பக்கத்தில் வந்ததுபோல் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வீட்டு ஸ்பீக்கர் இதைத் தராது.

கடைசிப் பகுதி ‘நெப்டியூன்’. பெண்கள் குழு மேடையில் இல்லை. பக்கத்து அறையில் நின்று சொல்லில்லாமல் பாடுகிறார்கள். கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாட, அறைக் கதவை ஓசைப்படாமல் மெல்ல மூட வேண்டும் என்று ஹோல்ஸ்டே குறித்திருக்கிறார். பாட்டு எந்த நொடியில் நின்றது என்று அரங்கில் யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்படிக் கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் இருக்கிறது நம் ஆயர் ஈத்தாம். சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய சிங்கப்பூர் சிம்பொனி. கோலாலம்பூரில் 1998-இல் தொடங்கிய மலேசிய பில்ஹார்மோனிக். இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள அதன் அரங்கில் 2,977 குழல்கள் கொண்ட ஆர்கன் இருக்கிறது. ‘கோள்க’ளுக்கு ஆர்கன் கட்டாயம் வேண்டும். நாட்டின் எண்ணெய்ப் பணத்தில் எழுந்த அரங்கு அது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகள் கோலாலம்பூருக்குச் சுற்றுலா போகும்போது அந்தக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. உள்ளே போவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. பிள்ளைக்கு விளங்காது என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறோம். அந்தத் துப்புரவுப் பெண்களுக்கு யாரும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே எங்கள் வாசகர் வட்டம் சார்பில் அந்தக் கோலாலம்பூர் அரங்குக்கு ஒரு பேருந்து பிடிப்பதாக இருக்கிறோம். போகவர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். என்ன நிகழ்ச்சி, டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் அடுத்த இதழில். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் இப்போதே எங்களுக்கு எழுதினால் நல்லது. உறுமி அடிக்கும் பையன்கள் இருந்தால் அவர்கள் பெயரை முதலில் அனுப்புங்கள்.