இடம் கிடைத்த பின் தெரிவு யாருக்கு?

ஐஐடி, என்ஐடி போன்ற ஒன்றிய உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்ற மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு முடிவை எடுக்க வேண்டியுள்ளது. பழைய ஐஐடியில் கிடைத்த துறையில் சேர்வதா, புதிய ஐஐடியில் கணினி அறிவியல் படிப்பதா? ஒதுக்கப்பட்ட இடத்தை உறுதி செய்வதா, அடுத்த சுற்றில் மேலான இடம் வரும் எனக் காத்திருப்பதா? நாளேடுகளும் பயிற்சி மையங்களும் இதற்குப் பக்கம் பக்கமாக ஆலோசனை வழங்குகின்றன. தரவரிசையும் வளாக நேர்காணலில் கிடைக்கும் ஊதியமுமே அவற்றின் அளவுகோல்கள். தெரிவு செய்யும் உரிமை எல்லா மாணவருக்கும் சமமாக உண்டு என்பது அவற்றின் எழுதப்படாத அடிப்படை. உழைக்கும் மக்களின் வீடுகளைப் பொறுத்தவரை அந்த அடிப்படையே பொய்யானது.

கூட்டுக் கலந்தாய்வில் இடம் ஒதுக்கப்பட்டதும், குறித்த நாளுக்குள், குறித்த மணிக்குள் இணையவழியில் சான்றிதழ்களைப் பதிவேற்றி, இட ஏற்புக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். மேலான இடத்துக்குக் காத்திருக்க விரும்புபவரும் முதலில் பணம் கட்டியாக வேண்டும். கட்டத் தவறினால் ஒதுக்கப்பட்ட இடம் பறிபோகும். கலந்தாய்வின் கதவும் மூடப்படும். ஆக, தெரிவு என்பது விருப்பத்தில் தொடங்கவில்லை, கையிருப்பில் தொடங்குகிறது.

2024 ஜூனில் இது நாடறிய வெளிப்பட்டது. உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த, தினக்கூலித் தொழிலாளியின் மகனான தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் ஒதுக்கப்பட்டது. கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய். கெடு ஜூன் 24 மாலை 5 மணி. குடும்பம் அலைந்து திரிந்து பணத்தைத் திரட்டுவதற்குள் கெடு முடிந்து இணையதளம் மூடிக்கொண்டது. அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, பின்னர் உச்சநீதிமன்றத்தை அணுகினார் அம்மாணவர். செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் ஆணையிட்டது. 2021இல் மும்பை ஐஐடியில் இடம் பெற்ற மற்றொரு தலித் மாணவருக்கும் இதே கதிதான். கட்டணம் செலுத்தும்போது ஏற்பட்ட கோளாறால் இடத்தை இழந்த அவரும் உச்சநீதிமன்றத்தின் தயவில்தான் அதை மீட்டார். டெல்லி வரை செல்ல இயலாத மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐஐடிகளில் கல்விக் கட்டண விலக்கு உண்டே எனக் கேட்கப்படலாம். உண்மைதான். போராடிப் பெற்ற அந்த உரிமை பாதுகாக்கப்பட வேண்டும். ஆனால் ஏற்புக் கட்டணமும் விடுதிச் செலவும் உணவுக் கட்டணமும் வாசலிலேயே காத்திருக்கின்றன. விலக்கு வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் உழைப்பாளி குடும்பங்களின் நிலையும் கடினமானது. 2016இல் ஐஐடி இளநிலைப் படிப்பின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து ஒரே வீச்சில் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. இதற்கு ஒன்றிய அரசு தரும் விடை கடன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பிணையில்லாக் கல்விக் கடனைச் சாதனையாக முன்வைக்கிறது. அரசின் பொறுப்பு மாணவரின் கடனாக மாற்றப்படுகிறது. கடனைத் தலையில் சுமந்து நுழைபவர் தனக்குப் பிடித்த துறையை எண்ணிப் பார்ப்பதில்லை. விரைவாகச் சம்பளம் தரும் துறை எது என்றே கணக்கிடுகிறார்.

உள்ளே நுழைந்தவர்களின் கதையும் தனியே பேசப்பட வேண்டியது. முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து இடைநின்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,600க்கும் அதிகம் என்பது 2023 டிசம்பரில் ஒன்றிய அரசே மக்களவையில் தந்த கணக்கு. மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் உள்ளன, அவர்கள் தம் விருப்பப்படி வேறு நிறுவனங்களுக்கும் படிப்புகளுக்கும் மாறிச் செல்கின்றனர் என்பது அதற்கு அரசு கூறிய விளக்கம். அவர்களுள் எத்தனை பேர் வேறிடத்தில் சேர்ந்தனர், எத்தனை பேர் பணமின்மையாலும் சாதிய ஒதுக்கலாலும் படிப்பையே கைவிட்டனர் என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை. வெளியேற்றத்துக்கு விருப்பம் என்று பெயரிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இடங்களை முடக்கிவைப்பதைத் தடுக்க முன்பணம் தேவை என்ற வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதல்ல. காலியிடங்கள் வீணாவது பொதுச்சொத்தின் இழப்பே. ஆனால் அதற்குரிய வழி, உரிய நாளுக்குள் விலகலைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குவதும் கூடுதல் சுற்றுகளை நடத்துவதுமே. இல்லாதவரின் மடியைச் சோதிப்பது அதற்கு வழியாகாது.

எனவே பட்டியல் சாதி, பழங்குடி, வறிய குடும்பங்களின் மாணவர்களுக்கு ஏற்புக் கட்டணம் முற்றாக ரத்து செய்யப்பட வேண்டும். கட்டணமோ சான்றிதழோ தாமதமானால் இடம் பறிபோகாதபடி கால நீட்டிப்பு விதியாக்கப்பட வேண்டும். மாவட்டந்தோறும் அரசே கலந்தாய்வு உதவி மையம் நடத்த வேண்டும். கடனுக்கு மாற்றாக முழு உதவித்தொகை தேவை. இடைநிற்றலின் காரணங்கள் நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

முடிவுகள் வெளியாகும் வாரங்களில் மாணவர், வாலிபர் அமைப்புகளின் தோழர்கள் தம் பகுதியில் இடம் பெற்ற ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் செல்வது இதன் முதல் படி. பாராட்டோடு கெடு நாளையும் கட்ட வேண்டிய தொகையையும் கேட்டறிவது இன்றியமையாதது. பணம் திரட்டிக் கொடுப்பது அவசர உதவி. பணம் திரட்டத் தேவையில்லாத கல்வியை வென்றெடுப்பதே இயக்கத்தின் கடமை.