பதிவேடே முதல் காவல்!

சபரிமலை ஐயப்பன் கோயிலின் துவாரபாலகர் சிலைகளை அணி செய்த தங்கக் கவசத் தகடுகள், 2019-ஆம் ஆண்டு முலாம் பூசுவதற்காகக் கழற்றப்பட்டபோது, அரசு ஆவணத்தில் எழுதப்பட்டது 'செம்புத் தகடு' என்றுதான். கோயிலிலிருந்து எடுக்கப்பட்டபோது 42.8 கிலோ, சென்னையில் எடை போட்டபோது 38.258 கிலோ. இந்த வேறுபாட்டைக் கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் தானாகவே முன்வந்து விசாரிக்கும்வரை யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் நீதிமன்றமே அமைக்க நேர்ந்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால், பொன்னைச் செம்பு என்று எழுத முடிகிற நிர்வாகம் குறித்துக் கேள்வி எழுப்ப, தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இக்கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்தின் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. அதே நகரின் பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகளில் இருந்தவற்றுக்குக் கணக்கெடுக்கவும், 2011-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு தேவைப்பட்டது. 2014-இல் முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராயிடம் தணிக்கைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2020 ஜூலையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் நிர்வாகத்தை விட்டது. உரிமை யாருக்கு என்பதில் காட்டப்பட்ட அக்கறை, என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பதிலும் அன்றே காட்டப்பட்டிருந்தால், நீதிமன்றப் படியேற வேண்டியிருந்திருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு பழைமையான சிற்பங்களையும் ஓவியங்களையும் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. விற்பவருக்கு உரிமம் வேண்டும். ஆனால், சட்டவிரோத ஏற்றுமதிக்கு விதிக்கப்படும் சிறைத் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை மட்டுமே. 1990-களின் இறுதியில் அணிவிக்கப்பட்ட தங்கக் கவசமோ, நூறாண்டு ஆகாததால் இச்சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வராது. சட்டத்தின் எல்லை முடியும் இடத்தில், பொறுப்பில் இருப்பவரின் நேர்மையும் கணக்கும்தான் காவல்.

பதிவின் வலிமையைத் தமிழ்நாடு அனுபவத்தால் அறியும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவாடப்பட்ட நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது களவுப் பொருள் என்பதை நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-இல் நடராஜர் தாயகம் திரும்பினார். சிலை வணிகர் சுபாஷ் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தப் புகைப்படம் இல்லாமல் போயிருந்தால்? படம் எடுக்கப்படாத கோயில்களின் தெய்வங்களுக்கு யார் சாட்சி சொல்வது?

நாட்டில் உள்ளதாக மதிப்பிடப்படும் 58 லட்சம் தொல்பொருள்களில் சுமார் 16.8 லட்சம் மட்டுமே ஆவணப்படுத்தப்பட்டிருப்பதாக 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. பதிவில் இல்லாத பொருளைத் திருட்டுப்போனதாகப் புகார் செய்வதுகூடக் கடினம். வாங்குவோர் மூலத்தை விசாரிப்பதில்லை என்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களைக் குறை கூறுகிறோம். நம்மிடம் மூலச் சான்றே இல்லாதபோது அந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன வலு இருக்கும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு கோயில் பொருளுக்கும் புகைப்படம், எடை, உலோகத் தரம் ஆகியவற்றுடன் பதிவேடு வேண்டும். எந்தப் பொருளும் கோயிலை விட்டு வெளியேறும்போதும் திரும்பும்போதும் நிபுணர் முன்னிலையில் எடை போட்டு, பலர் கையொப்பமிட வேண்டும். கோயிலுக்குத் தொடர்பில்லாத தணிக்கையாளர் ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்க வேண்டும். அரசியல் நியமனங்களால் நிரப்பப்படும் வாரியங்கள் இதை விரும்பாமல் இருக்கலாம்; பக்தர்கள் கேட்காமல் விடக்கூடாது. காணிக்கை செலுத்தியவர்கள் அவர்கள்தானே!