ஆறாம் ஆண்டோடு நின்றுபோகும் ஓட்டம்

கம்போங் குவாந்தான் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு மின்மினிப் பூச்சிகள்தாம் நினைவுக்கு வரும். இரவில் படகேறி, சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் அவை மின்னுவதைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவார்கள். அந்த ஆற்றைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் ஓடுவதை அவர்கள் பார்ப்பதில்லை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் எல்லாரையும் பின்தள்ளி முதலில் வரும் ஒரு பெண்பிள்ளை எந்தத் தோட்டத்திலும் இருப்பாள். ஆறாம் ஆண்டில் கேடயம் வாங்குவாள். இடைநிலைப்பள்ளிக்குப் போன ஓரிரு ஆண்டுகளில் அவளைத் திடலில் காண முடிவதில்லை. அவள் எங்கே போனாள்?

நம் பெண்களுக்குத் திறமை போதாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முதலாக நடத்தப்பட்டது 1964-இல், தோக்கியோவில். அந்த முதல் போட்டியிலேயே மலேசியாவுக்காக ஓடியவர் எம். ராஜமணி. மறு ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அவர் தங்கங்களைக் குவித்தார். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலில் வழங்கப்பட்டதும் அவருக்கே. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மினப் பெண் ஒருவர் ஆசியாவின் உச்சியில் நின்றிருக்கிறார். இன்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஒரு வீராங்கனை எப்படி உருவாகிறாள் என்பதை அறிய, நமக்குச் சற்றும் தொடர்பில்லாத பனிச்சறுக்கு விளையாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் லிண்ட்சி வான் 2010-இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் செங்குத்துச் சரிவுப் பந்தயத்தில் தங்கம் வென்றவர். 2019-இல் ஓய்வை அறிவித்தபோது 82 உலகக் கிண்ணப் பந்தயங்களை வென்றிருந்தார். இவர் சிறு வயதில் பழகியது ஆல்ப்ஸ் மலையில் என்று நினைத்தால் தவறு. மின்னசோட்டா மாநிலத்தில் பக் ஹில் என்றொரு மேடு இருக்கிறது. அதன் உயரம் 100 மீட்டர்கூட இல்லை. மேலிருந்து சறுக்கினால் சற்று நேரத்தில் அடிவாரம் வந்துவிடும். ஆனால், அங்கே மாலையில் விளக்கெரியும். மேலே இழுத்துச் செல்லக் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். எரிக் சைலர் என்ற பயிற்றுநர் பல்லாண்டு காலம் அங்கேயே இருந்து பிள்ளைகளைப் பழக்கினார். சறுக்கி இறங்கிய பிள்ளை உடனே கயிற்றைப் பிடித்து மேலேறி மறுபடியும் சறுக்கும். மேடு சிறியதாக இருந்ததால் ஒரே மாலையில் பலமுறை பழக முடிந்தது.

பதினேழு வயதில், 2002-இல், வான் முதல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். தங்கம் கிடைக்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 2013-இல் விழுந்து முழங்கால் சிதைந்தது. 2014 ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். 2018-இல் திரும்பி வந்து வெண்கலம் வென்றார். நம் நாட்டிலும் இதற்கு ஈடான கதை உண்டு. ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார்.

இவர்கள் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். வீட்டுக்கு அருகில் ஓர் இடம், நாள்தோறும் பயிற்சி, ஆண்டுக்கணக்கில் கைவிடாத ஒருவர். இம்மூன்றும் இருந்தால் சிறு மேடும் போதும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் திறமை வீணாகிவிடும்.

நம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டு முடிந்ததும் மூன்றுமே ஒரே நேரத்தில் அறுந்துவிடுகின்றன. இடைநிலைப்பள்ளி தொலைவில் இருக்கிறது. மாலைப் பயிற்சி முடியும்போது பள்ளிப் பேருந்து போய்விட்டிருக்கும். செம்பனைக்கிடையே இருட்டிய சாலையில் மகள் தனியே வருவதை எந்தத் தாய்தான் விரும்புவாள்? புதிய பள்ளியில் அவளது வேகத்தை அறிந்த ஆசிரியர் இல்லை. "வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆறு ஆண்டுகளில் வளர்த்தது சில மாதங்களில் கலைந்துபோகிறது.

படிப்புதானே நம் சமுதாயத்தைக் கரையேற்றும், விளையாட்டு சோறு போடுமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது, வறுமையை அறிந்தவர்கள் கேட்பது. அவர்களுக்கு எம். ஜெகதீசனைக் காட்டுவேன். 1966-இல் ராஜமணி தங்கம் வென்ற அதே பேங்காக்கில் மூன்று தங்கம் வென்ற அவர், மருத்துவர். ஓட்டமும் படிப்பும் ஒரே உடலில் குடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மேலும், எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக் போக வேண்டும் என்பதில்லை. தோற்ற மறுநாளும் திடலுக்கு வரப் பழகியவள் தேர்வில் ஒருமுறை சறுக்கியதற்காகப் படிப்பைக் கைவிட மாட்டாள்.

தமிழ்ப் பேரவைத் தோழர்களே, நாம் தோட்டத்துப் பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தப் போகிறோம். ஒருநாள் பேசுகிறோம், பாடுகிறோம், படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். மறுநாள் அங்கே யார் இருக்கிறார்கள்? இனி நம் திட்டத்தில் ஒன்றைச் சேர்ப்போம். ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஆறாம் ஆண்டில் நன்றாக ஓடும் இரண்டு மூன்று பெண்பிள்ளைகளைப் படிவம் மூன்று வரை விடாமல் பின்தொடர்வோம். பெற்றோரை நேரில் சென்று பார்ப்போம். புதிய பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் பிள்ளையை அறிமுகப்படுத்துவோம். வாரம் இருமுறை பயிற்சி முடிந்து வீடு திரும்ப வேன் கட்டணத்தை முன்னாள் மாணவர்கள் ஏற்கட்டும். வேனில் ஓர் அக்காவும் உடன் வரட்டும். ஒரு விருந்துக்கு ஆகும் செலவு சில மாதங்களுக்குப் போதும்.

பெரிய அரங்கம் கட்டித்தரும்படி யாரையும் நாம் கேட்க வேண்டியதில்லை. பள்ளித் திடல் இருக்கிறது, ஓடுவதற்குப் பிள்ளையும் இருக்கிறாள். மாலையில் அவளைப் பத்திரமாக வீட்டில் சேர்க்கும் பொறுப்பை நாம் ஏற்போம்.