போனுக்குள் முன்பே இருக்க வேண்டிய ஆப் எது? தீபத்தன்று வாபஸான உத்தரவு கிளப்பிய கேள்வி

2025 டிசம்பர் 3. திருவண்ணாமலை மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்ட நாள். அதே நாளில்தான், எல்லா புது ஸ்மார்ட்போன்களிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலி கட்டாயம் என்ற உத்தரவை மத்திய தொலைத்தொடர்புத் துறை வாபஸ் பெற்றது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 14 கி.மீ. கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நடக்கும் இரவில் போன் தொலைவது அதிசயம் இல்லை. தொலைந்த போனை ஐஎம்இஐ எண் மூலம் முடக்குவது சஞ்சார் சாத்தியின் முக்கியமான வேலைகளில் ஒன்று. நம் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா, செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகும் போன் ஒரிஜினல்தானா என்றும் அதில் பார்க்கலாம். மோசடி அழைப்பு பற்றிப் புகார் செய்யலாம். உருப்படியான ஆப்தான். அதில் சண்டை இல்லை.

சண்டை வந்தது நவம்பர் 28 உத்தரவின் வாசகத்தால். 90 நாள்களுக்குள் புது போன்களில் இந்த ஆப் இருக்க வேண்டும். ஏற்கெனவே தயாராகிவிட்ட போன்களுக்கு அப்டேட் வழியாக அனுப்ப வேண்டும். அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. ‘இது கண்காணிப்பு’ என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. ‘வேண்டாம் என்றால் டெலிட் செய்துகொள்ளலாம்’ என்றார் அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா. மறுநாள் உத்தரவே போய்விட்டது.

ஆனால் ஒரு எளிய கேள்வியைப் பலர் கேட்கவே இல்லை. தொலைந்துபோன போனுக்குள் இருக்கும் ஆப், தொலைத்தவருக்கு எப்படி உதவும்? அவர் இன்னொருவரின் போனிலோ, இணையதளத்திலோ போய்த்தான் புகார் செய்ய வேண்டும். அந்த இணையதளம் 2023-லிருந்தே இருக்கிறது. ஐஎம்இஐ எண்ணைத் தெரிந்துகொள்ள ஆப்பும் வேண்டாம். *#06# அழுத்தினால் போதும், பட்டன் போனிலும் வரும்.

முதல் முறை ஸ்மார்ட்போன் வாங்கும் அம்மா, அப்பாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாதே என்பது நியாயமான வாதம். அவர்களுக்காக, போனை முதலில் ஆன் செய்யும்போது ‘இது வேண்டுமா?’ என்று ஒரு திரை கேட்கலாம். கேட்பதும் திணிப்பதும் ஒன்றல்ல.

திணிப்பதில் தனியார் மட்டும் சளைத்தவர்களா? தன் ஆப்களை மொத்தமாக முன்பே நிறுவும்படி போன் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். அதன் பிறகு ஆப்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ள கூகுள் வழிவிட்டது. ஆனாலும் புது போனைத் திறந்தால் கேட்காத ஆப்கள் வரிசைகட்டி நிற்கத்தான் செய்கின்றன. சிலவற்றை ‘டிசேபிள்’ மட்டுமே செய்ய முடியும். அப்போது ஐகான் மறையும். சிஸ்டம் பகுதியில் இருக்கும் மூலப் பிரதி அப்படியே இருக்கும். குறைந்த ஸ்டோரேஜ் போன் வைத்திருப்பவருக்கு அதன் வலி தெரியும்.

அப்படியானால் எதைத்தான் கட்டாயமாக்கலாம்? 2016-ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. போன்களில் 22 இந்திய மொழிகளையும் படிக்க முடிய வேண்டும்; ஆங்கிலம், இந்தி தவிர இன்னொரு இந்திய மொழியிலாவது டைப் செய்ய வழி வேண்டும். அது சரியான கட்டாயம். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் போனில், தமிழ் மட்டுமே தெரிந்தவர் ‘டவுன்லோடு’ பட்டனைக்கூடப் படிக்க முடியாது. எது இல்லாவிட்டால் மற்றதைத் தேடிப் போகவே முடியாதோ, அது உள்ளே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் கடையில் இருக்கட்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். பலர் லினக்ஸ் பக்கம் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் முடிவு மாணவர் கையில் இருந்தது.

சரி, அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறீர்களா? கிளம்பும் முன் *#06# அழுத்துங்கள். வரும் எண்ணை அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல், ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.